ஒரு வட்டாரத்து ஊர்களின் மக்கள் அடர்த்தியைக் கணக்கிடுவது எப்படி

மக்கள்தொகையைப் பரப்பளவால் வகுத்தால் அடர்த்தி. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் ஒரு வட்டாரத்தில் இருக்கிற நகரங்களையும் சின்ன ஊர்களையும் வரிசையாக எழுதி, எங்கே மக்கள் நெருக்கமாக இருக்கிறார்கள், எங்கே பரவிக் கிடக்கிறார்கள் என்று ஒரு அட்டவணை போட உட்கார்ந்தால் பாதியிலேயே கை நின்றுவிடும். மணிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 கணக்கெடுப்பில் அந்த நகரத்தில் 18,46,513 பேர். அந்த எண்ணில் சண்டை இல்லை. பரப்பளவுக்குத்தான் இரண்டு எண்கள் புழங்குகின்றன: 24.98 சதுர கி.மீ. என்று ஒன்று, 42.88 என்று இன்னொன்று. முதல் எண்ணால் வகுத்தால் ஒரு சதுர கி.மீ.க்கு 73,920 பேர், இரண்டாவதால் வகுத்தால் 43 ஆயிரம் சொச்சம். அதே ஊர், அதே ஆண்டு, அதே மக்கள், விடை மட்டும் முப்பதாயிரம் இறங்கிவிட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் கவனம் முழுவதையும் மேலே இருக்கிற எண்ணில், அதாவது மக்கள்தொகையில் வைக்கிறார்கள். கணக்கு கெடுவதோ பெரும்பாலும் கீழே இருக்கிற எண்ணில். எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யாமல் வகுக்க ஆரம்பிக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அது சரியாக அமைந்துவிட்டால் மீதி அரை மணி நேர வேலை.

முதலில் எல்லை

ஓர் ஊருக்கு மூன்று விதமான எல்லை இருக்கும். ஒன்று நிர்வாக எல்லை, மாநகராட்சியோ நகராட்சியோ தன் அதிகாரம் இதுவரை என்று வரைந்து வைத்த கோடு. இரண்டாவது, கட்டிடங்கள் தொடர்ச்சியாக இருக்கிற வரைக்குமான ஊர், அதாவது வானத்திலிருந்து பார்த்தால் ஊர் என்று கண்ணுக்குத் தெரிகிற பகுதி. மூன்றாவது, வேலைக்கும் படிப்புக்கும் தினமும் அந்த ஊருக்கு வந்து போகிற அக்கம்பக்கத்தையும் சேர்த்த பெருநகர்ப் பகுதி. அட்டவணையில் எந்த எல்லையை எடுத்தாலும் சரி, எல்லா ஊருக்கும் ஒரே வகையை எடுங்கள். ஒன்றுக்கு நிர்வாக எல்லை, பக்கத்து ஊருக்குப் பெருநகர் எல்லை என்று கலந்துவிட்டால் அந்த அட்டவணையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

நிர்வாக எல்லைதான் கைக்குச் சுலபமாகக் கிடைக்கும், அதனால் எல்லோரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். தவறில்லை, ஆனால் அந்தக் கோடு நாட்டுக்கு நாடு எவ்வளவு வேறுபடும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். சீனாவின் சோங்சிங் மாநகரத்தின் பரப்பளவு ஏறத்தாழ 82,400 சதுர கி.மீ., கிட்டத்தட்ட ஆஸ்திரியா நாட்டின் அளவு. 2020இல் அதற்குள் 3.2 கோடிப் பேர் இருந்தும் அடர்த்தி 390ஐத் தாண்டவில்லை, காரணம் மலையும் வயலும் கிராமமும் அந்த 'மாநகரத்துக்குள்' அடங்கிவிட்டன. பிரேசிலில் அல்தமீரா என்ற நகராட்சி 1,59,500 சதுர கி.மீ.க்கு மேல், கிரீஸ் நாட்டைவிடப் பெரியது. 2022 கணக்கெடுப்பில் அங்கே 1,26,279 பேர். வகுத்துப் பார்த்தால் சதுர கி.மீ.க்கு ஒருவர்கூட வராது. அல்தமீரா ஊருக்குள் தெருவில் நடக்கிறவருக்கு அந்த எண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, அமேசான் காட்டை எல்லாம் சேர்த்து வகுத்த விடை அது.

நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. நியூயார்க்குக்கு எதிர்க்கரையில், நியூஜெர்சியில் குட்டன்பெர்க் என்று ஒரு சின்ன ஊர். நிலம் அரை சதுர கி.மீ. அளவுதான், 2020இல் 12,017 பேர். அடர்த்தி 23 ஆயிரத்துக்கு மேல், மொத்த நியூயார்க் நகரத்தின் அடர்த்தியைவிட இரண்டு மடங்கு. அதற்காகக் குட்டன்பெர்க் நியூயார்க்கைவிட நெரிசலான ஊர் என்று எழுதிவிட முடியுமா? நியூயார்க்குக்குள் விமான நிலையம், பூங்கா, துறைமுகம், கிடங்கு எல்லாம் உண்டு, இந்தச் சின்ன எல்லைக்குள் வீடுகளைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. பார்சிலோனாவை ஒட்டியிருக்கிற லோஸ்பிதாலெட் நகரமும் இப்படித்தான், 12.4 சதுர கி.மீ.யில் சுமார் 2.65 லட்சம் பேர், அடர்த்தி 21 ஆயிரத்தைத் தாண்டும். பார்சிலோனாவுக்கு 16 ஆயிரம் அளவில்தான் வரும். எந்த வட்டாரத்தை எடுத்தாலும் பட்டியலின் உச்சியில் ஒரு பெருநகரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற குட்டி நகராட்சிகள் வந்து உட்காருவதை நீங்கள் பார்ப்பீர்கள். பார்த்ததும் சந்தேகப்படுங்கள். எண் தப்பாக இருக்காது, எல்லை இறுக்கமாக இருக்கும்.

அப்புறம், எதை ஊர் என்று கணக்கில் எடுப்பது என்ற கேள்வி. இந்தியக் கணக்கெடுப்பில், நகராட்சி என்று அறிவிக்கப்படாத ஓர் இடத்தைக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று ஏற்பதற்கு 5,000 பேராவது இருக்க வேண்டும், முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும், சதுர கி.மீ.க்கு 400 பேராவது வேண்டும். ஜப்பான் 1960 முதல் பயன்படுத்தும் 'அடர்ந்த குடியிருப்புப் பகுதி' என்ற வரையறையில் அந்த 400க்குப் பதில் 4,000. பத்து மடங்கு வித்தியாசம். இரண்டு நாட்டு 'நகர' எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் பெரிய பெரிய முடிவுகளுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. 2020இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட முறை. நிர்வாகக் கோடுகளை ஓரமாக வைத்துவிட்டு நிலத்தை ஒரு சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் 1,500 பேராவது இருக்கிற கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, மொத்தம் 50,000 பேர் சேர்ந்தால் அது நகர மையம். 300 பேருக்கு மேல் உள்ள கட்டங்கள் தொடர்ந்து வந்து மொத்தம் 5,000 பேர் சேர்ந்தால் அது நகர்ப்புறத் தொகுப்பு. மீதி கிராமப்புறம். நாடு தாண்டி ஒப்பிடுவதாக இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். ஒரே மாநிலத்துக்குள், ஒரே சட்டத்தின் கீழ் இருக்கிற ஊர்கள் என்றால் நிர்வாக எல்லையே போதும், குறிப்பில் எழுதிவிட்டால் சரி.

மக்கள்தொகை எண்

இது சீக்கிரம் முடிகிற பகுதி. எல்லா ஊருக்கும் ஒரே ஆண்டு, ஒரே மூலம். ஒன்றுக்குக் கணக்கெடுப்பு, மற்றொன்றுக்கு யாரோ போட்ட மதிப்பீடு என்று கலக்காதீர்கள். முக்கியமானது, மக்கள்தொகையும் பரப்பளவும் ஒரே எல்லையைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். 1998இல் டொராண்டோவைச் சுற்றியிருந்த நகராட்சிகளை எல்லாம் அதோடு இணைத்தார்கள். 1996 கணக்கெடுப்பில் பழைய டொராண்டோவில் 6,53,734 பேர், பரப்பளவு 97 சதுர கி.மீ., அடர்த்தி 6,700 அளவு. இணைந்த நகரத்துக்கு 630 சதுர கி.மீ., அதே கணக்கெடுப்பின்படி 23,85,421 பேர், அடர்த்தி 3,800க்குக் கொஞ்சம் கீழே. இப்போது யாராவது பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பளவால் வகுத்தால் 1,038 என்று ஒரு விடை வரும், அது எந்தக் காலத்து டொராண்டோவும் இல்லை. எல்லை விரிந்த ஊர் எதுவாக இருந்தாலும் இந்தத் தப்பு நடக்கக் காத்திருக்கிறது. விரிவாக்கம் எந்த ஆண்டு, கணக்கெடுப்பு எந்த ஆண்டு என்று இரண்டையும் தேடிப் பார்த்துவிட்டு வகுங்கள்.

இன்னொன்று. கணக்கெடுப்பு எண் என்பது அங்கே குடியிருக்கிறவர்களின் எண். லண்டனின் மையத்தில் இருக்கிற சிட்டி ஆஃப் லண்டன் 2.9 சதுர கி.மீ., 2021இல் குடியிருந்தவர்கள் சுமார் 8,600 பேர், அடர்த்தி மூவாயிரத்துக்குள். பகலில் அங்கே வேலைக்கு வருகிறவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். பேருந்தும் கழிப்பறையும் எத்தனை வேண்டும் என்று திட்டமிடுவதற்கு முதல் எண் உதவாது. பள்ளிக்கூடம் எத்தனை என்று கேட்டால் அதே முதல் எண்தான் வேண்டும். எதற்காகக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பரப்பளவு: தண்ணீர், காடு, அலகு

இங்கே நிதானமாக இருங்கள். அரசுப் பட்டியல்களில் 'மொத்தப் பரப்பளவு' என்று போட்டிருந்தால் அதில் ஏரி, ஆறு, சில இடங்களில் கடற்பரப்புகூட அடங்கியிருக்கும். நியூயார்க் நகரத்தின் மொத்தப் பரப்பளவு 1,223 சதுர கி.மீ., அதில் நிலம் சுமார் 778 மட்டும். 2020இன் 88,04,190 பேரை மொத்தத்தால் வகுத்தால் 7,200, நிலத்தால் வகுத்தால் 11,300. தண்ணீரில் யாரும் குடியிருப்பதில்லை, நிலப்பரப்பையே எடுங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பூங்கா, காடு, மலை என்று வரும்போதுதான் முடிவெடுப்பது கஷ்டம். பாரிஸின் 105 சதுர கி.மீ.யில் பூலோன், வன்சென் என்ற இரண்டு பெரிய தோப்புகள் நகரத்தின் இரு ஓரத்திலும் இருக்கின்றன. 2021இன் 21,33,111 பேரை மொத்தத்தால் வகுத்தால் 20 ஆயிரம் சொச்சம், தோப்புகளைக் கழித்து 87 சதுர கி.மீ.யால் வகுத்தால் 24,500. ஹாங்காங் இன்னும் தெளிவான உதாரணம். நிலம் ஏறத்தாழ 1,110 சதுர கி.மீ., 2021இல் 74 லட்சம் பேர், அடர்த்தி 6,700 அளவில் வருகிறது. கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அந்த நிலத்தில் கட்டிடங்கள் இருப்பது கால் பங்கு அளவில்தான், 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்காக்கள். கட்டிய நிலத்தை மட்டும் எடுத்தால் 25 ஆயிரத்தைத் தாண்டிவிடும். குவுன் டோங் மாவட்டத்தில் 60 ஆயிரத்தைத் தொடும். ஹாங்காங்வாசிகள் தினசரி அனுபவிப்பது இந்தப் பெரிய எண்களைத்தான்.

அதனால் நான் அட்டவணையில் எப்போதும் அடர்த்திக்கு இரண்டு பத்திகள் போடுவேன். ஒன்று மொத்த அடர்த்தி, நிலப்பரப்பு முழுவதையும் வைத்து. இன்னொன்று குடியிருப்பு அடர்த்தி, கட்டிய நிலத்தை மட்டும் வைத்து. இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கிற ஊரில் காடோ மலையோ வயலோ எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தம், அதுவே ஒரு நல்ல தகவல்.

அலகில் தடுமாறுவது ரொம்பச் சாதாரணம். ஒரு சதுர கி.மீ. என்பது 100 ஹெக்டேர், 247 ஏக்கர். ஒரு சதுர மைல் என்பது 2.59 சதுர கி.மீ. நான் முதன்முதலில் போட்ட அட்டவணையில் ஒரு நகராட்சியின் பரப்பளவு மட்டும் ஹெக்டேரில் இருந்ததைக் கவனிக்காமல் சதுர கி.மீ. பத்தியில் ஏற்றிவிட்டேன், நெரிசலுக்குப் பேர்போன அந்த ஊர் பட்டியலின் கடைசியில் போய் நின்றது. மேலே சொன்ன லோஸ்பிதாலெட்டின் 12.4ஐ ஹெக்டேரில் 1,240 என்று வாங்கி அப்படியே வகுத்தால் 214 வரும், ஏதோ விவசாயக் கிராமம் மாதிரி. அடர்த்தியை மாற்றும்போது திசையும் தப்பும்: சதுர மைலுக்கு இத்தனை பேர் என்பதைச் சதுர கி.மீ.க்கு மாற்ற 2.59ஆல் வகுக்க வேண்டும், பெருக்கக் கூடாது. நகரத் திட்டமிடுகிறவர்கள் ஹெக்டேருக்கு 100 பேர் என்பார்கள், அது சதுர கி.மீ.க்கு 10,000.

ரொம்பச் சின்ன இடங்களுக்குச் சதுர கி.மீ. கணக்கு பொருந்துவதும் இல்லை. இடிக்கப்பட்டுவிட்ட கவுலூன் மதில் நகரம் 2.6 ஹெக்டேர்தான், 1987இல் எடுத்த கணக்கில் சுமார் 33,000 பேர். சதுர கி.மீ.க்கு 12 லட்சத்துக்கு மேல் என்று எழுதலாம், கணக்கு சரிதான். ஆனால் அப்படி ஒரு முழு சதுர கி.மீ. அங்கே இருந்ததே இல்லை. ஹெக்டேருக்கு இத்தனை என்று எழுதினால் நேர்மையாக இருக்கும்.

வட்டாரத்துக்கு ஒரே எண் வேண்டுமென்றால்

எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ திறந்து ஊர், மக்கள்தொகை, நிலப்பரப்பு, அடர்த்தி, எல்லை வகை, ஆண்டு என்று பத்திகள் போட்டு முடித்தாயிற்று. இப்போது வட்டாரத்தின் சராசரி என்ன என்று யாராவது கேட்பார்கள். அடர்த்திப் பத்தியைத் தேர்ந்து சராசரி சூத்திரத்தைப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு கணக்குக்கு, வட்டாரத்தில் இரண்டே ஊர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் 10 சதுர கி.மீ.யில் 90,000 பேர், அடர்த்தி 9,000. இரண்டாவதில் 90 சதுர கி.மீ.யில் 10,000 பேர், அடர்த்தி 111. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4,556, இதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. மொத்த மக்கள் ஒரு லட்சத்தை மொத்த நிலம் 100ஆல் வகுத்தால் 1,000, இது வட்டாரத்தின் சரியான அடர்த்தி. ஆனால் அந்த வட்டாரத்தில் யாராவது ஒருவரைப் பிடித்து உங்கள் ஊர் எவ்வளவு அடர்த்தி என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் 9,000 என்பார்கள், ஒருவர் 111 என்பார். மக்களின் எண்ணிக்கையை எடையாக வைத்துச் சராசரி எடுத்தால் 8,111. இதற்கு எடையிட்ட அடர்த்தி என்று பெயர். ஒவ்வோர் ஊரின் மக்கள்தொகையையும் அதன் அடர்த்தியையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த மக்கள்தொகையால் வகுக்க வேண்டும், சம்ப்ராடக்ட் சூத்திரம் ஒரே வரியில் செய்துவிடும்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைத்தால் அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பைப் பாருங்கள். தொடர்ந்து கட்டப்பட்ட நகர்ப்பகுதியை வைத்துச் சாதாரண அடர்த்தி போட்டால் லாஸ் ஏஞ்சலஸ் சதுர கி.மீ.க்கு 2,700, நியூயார்க் 2,050 அளவு. ஆமாம், லாஸ் ஏஞ்சலஸ்தான் மேலே. பெருநகர்ப் பகுதியை எடுத்து, சின்னச் சின்னக் கணக்கெடுப்புப் பகுதி வாரியாக எடையிட்டுப் பார்த்தால் நியூயார்க் 12,000, லாஸ் ஏஞ்சலஸ் 4,700க்குச் சற்றுக் கீழே. லாஸ் ஏஞ்சலஸ் எங்கு பார்த்தாலும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது, நியூயார்க்கோ நடுவில் செறிந்து ஓரங்களில் நீர்த்துக் கிடக்கிறது. மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைச் சொல்ல நான் எடையிட்ட அடர்த்தியைத்தான் நம்புகிறேன். சாலையும் குழாயும் எவ்வளவு நீளம் போட வேண்டும் என்பதற்குச் சாதாரண அடர்த்தி பயன்படும்.

கட்டத் தரவு

கட்டிய நிலத்தின் பரப்பளவு அரசுப் பட்டியலில் கிடைக்கவில்லையா, ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் வெளியிடும் ஜிஎச்எஸ்எல் என்ற, கட்டிடமும் மக்களும் எங்கே என்று கட்டம் கட்டமாகக் காட்டும் தரவு இலவசம், உலகம் முழுக்க, 1975 முதல் ஐந்தாண்டு இடைவெளியில். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட்பாப் என்ற மக்கள்தொகைத் தரவு 100 மீட்டர் கட்டம் வரை தருகிறது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஊர் எல்லைக் கோப்பையும் கட்டக் கோப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மண்டலப் புள்ளிவிவரம் என்ற கருவியை ஓட்டினால் ஒவ்வோர் எல்லைக்குள்ளும் எத்தனை பேர் என்று கூட்டித் தந்துவிடும். பரப்பளவை மென்பொருளில் அளக்கும்போது, அளவு மீட்டரில் வருகிற, பரப்பளவைக் குலைக்காத வரைபட வீச்சுக்கு (உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும் முறை, projection) மாற்றிக்கொள்ளுங்கள். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்காட்டர் வீச்சில் அளந்தால் நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போக நிலம் ஊதிப் பெருகிவிடும், 60 பாகை அட்சத்தில் நான்கு மடங்கு.

ஒன்றை மறக்க வேண்டாம், கட்டத்தில் இருக்கிற எண் யாரும் வீடு வீடாகப் போய் எண்ணியதில்லை. கணக்கெடுப்பு எண்ணைக் கட்டிடங்கள் இருக்கிற இடங்களில் கணித முறையில் பங்கிட்டுப் போட்டது. ஊர் அளவில் கூட்டினால் நம்பலாம், ஒரு தெருவுக்கு இத்தனை பேர் என்று அதிலிருந்து எடுத்து எழுதாதீர்கள்.

வரைபடம் போடுவதாக இருந்தால்

எல்லைக்கு உள்ளே முழுவதும் ஒரே நிறத்தைப் பூசினால் பரப்பளவில் பெரிய ஊர் கண்ணை இழுக்கும், அதிக மக்கள் இருக்கிற சின்ன ஊர் புள்ளியாக மறையும். இந்தச் சிக்கல் புதிதல்ல. ஹென்றி ஹார்னஸ் என்ற பொறியாளர் 1837இல் அயர்லாந்து ரயில்வே ஆணையத்துக்காக மக்கள் அடர்த்தி வரைபடம் வரைந்தபோதே, நிர்வாகக் கோடுகளை அப்படியே நிரப்பாமல் மக்கள் இருக்கிற இடம், இல்லாத இடம் என்று பிரித்து நிழல் போட்டார். நீங்களும் காட்டையும் தண்ணீரையும் வெள்ளையாக விட்டுவிட்டு மீதிக்கு நிறம் கொடுங்கள். நிற வகுப்புகளைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள், அடர்த்தி எண்கள் ஒரு முனையில் குவிந்து கிடக்கும் என்பதால் ஒரே ஓர் ஊர் கடும் நிறத்திலும் மற்றதெல்லாம் வெளிறியும் வரும். 300, 1,500, 5,000, 10,000 என்று விரிந்துகொண்டே போகிற வகுப்புகள் நன்றாக வேலை செய்கின்றன.

விளக்கம் எழுதும்போது அடர்த்தியை உயரத்தோடு சேர்த்துவிடாதீர்கள். பாரிஸில் பெரும்பாலும் ஆறு ஏழு மாடிதான், கோபுரக் கட்டிடங்கள் வரிசையாக நிற்கிற எத்தனையோ நகரங்களைவிட அது அடர்த்தி. வீட்டுக்குள் நெருக்கடி என்பதும் வேறு கணக்கு, ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று தனியாக எடுக்க வேண்டும்.

வெளியிடுவதற்கு முன்னால் பட்டியலின் மேலே இருக்கிற மூன்று ஊர்களையும் கீழே இருக்கிற மூன்று ஊர்களையும் செயற்கைக்கோள் படத்தில் திறந்து, எல்லைக் கோட்டை அதன்மேல் போட்டுப் பாருங்கள். மேலே இருப்பவற்றில் கோடு வீடுகளை ஒட்டிப் போகிறதா, கீழே இருப்பவற்றில் எத்தனை மலையை வளைத்துக்கொண்டு போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி அந்த 'எல்லை வகை' பத்தியிலேயே எழுதிவையுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.